தலையணைக்குள் நிறமேறிய காசு

லென்ஸக்கா ஒருவனின் விரல்களை மேசை இழுப்பறையில் வைத்து நசுக்கிவிட்டாள் என்று அந்த வணிக வளாகம் முழுக்கப் பேச்சு. கீழ்த்தளத்தில் சாவி செய்கிறவர் அதைக் கண்ணால் பார்க்கவில்லை, ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னார் என்றார். ஜெராக்ஸ் கடைக்காரரோ அன்றைக்குக் கடையே திறக்கவில்லை. அவருக்கு அவர் மச்சினன் போனில் சொன்னானாம்.

“வேக வெச்ச காசைக் கொண்டாந்து நீட்டியிருக்கான். அந்தம்மா ஒரு வார்த்தை பேசலையாம். கையை இப்படி வைன்னுச்சாம். இவனும் கூமுட்டை மாதிரி வெச்சிருக்கான். டப்புனு ட்ராயரைச் சாத்திடுச்சு. மூணு விரலு!”

மூன்று விரல் என்பது சரி. இழுப்பறை என்பதும் சரி. யாருடைய விரல் என்பதில்தான் பேச்சு தடம் மாறிவிட்டது. அதைவிடப் பெரிய குறை, இவ்வளவு பேச்சிலும் அவள் மகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

முதல் மாடியில், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவளுக்கு வேலை. பழைய நாணயங்களைப் பார்த்து எழுபதுக்கு இத்தனை என்று எண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடிக் கொடுக்கிற நிறுவனம் அது. நாற்பத்தாறு வயது. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு லென்ஸ் எப்போதும் தொங்கும். குளிக்கும்போதாவது கழற்றுவாளா என்று கூட வேலை பார்க்கிற மீசைக்காரர் கேட்பார். “கழற்றினா சோப்புக்கு எண் போட முடியாதே” என்பாள்.

வெள்ளி சும்மா கிடக்கிற உலோகம் இல்லை. பெட்டியிலோ துணிப்பையிலோ காகித உறையிலோ பல வருடம் கிடந்தால், சுற்றியிருக்கிற கந்தகம் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து அதன்மேல் நிறம் ஏறும். முதலில் வெளிறிய மஞ்சள், அப்புறம் செம்பழுப்பு, ஊதா, நீலம், இன்னும் விட்டால் பச்சை. அதையும் தாண்டினால் கரி. தொழிலில் இதை டோனிங் என்பார்கள். ஒரே வருடம் ஒரே அச்சில் அடித்த, ஒரே அளவு தேய்ந்த மூன்று காசுகளை மேசையில் வைத்துப் பாருங்கள். சேற்று நிறத்தில் கறுத்துப் போனதை யாரும் தொட மாட்டார்கள். மருந்தில் முக்கி வெளுத்ததை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். ஓரத்திலிருந்து உள்ளே வானவில் இறங்கினாற்போல் நிறமேறியது இருக்கிறதே, அதற்குக் கைகலப்பே நடக்கும். அந்த அழகுக்காகவே ஓர் எண் கூடுதலாக விழும், சில சமயம் இரண்டு. அந்த ஓர் எண்ணுக்காகத்தான் ஆட்கள் காசை அடுப்பில் வேக வைக்கிறார்கள், கந்தகப் பொடியில் புதைக்கிறார்கள், கெட்ட முட்டையோடு டப்பாவில் அடைக்கிறார்கள்.

“நம்ம மூஞ்சி கறுத்தா சோப்பு வாங்கிக்கோங்கறான். காசு கறுத்தா காதலிக்கிறான்” என்பார் மீசைக்காரர்.

லென்ஸக்கா பார்க்கிற விதமே வேறு. காசை இரு விரல்களால் விளிம்பில் பிடித்து விளக்கடியில் மெதுவாகச் சாய்ப்பாள். கைபடாத வெள்ளியில் ஓர் ஒளிக்கீற்று சக்கரத்தின் ஆரம்போல் சுற்றி ஓடும். நிறம் தானாக ஏறியதென்றால் அந்தக் கீற்று நிறத்துக்கு அடியிலும் தடங்கலில்லாமல் ஓடும். வேக வைத்ததென்றால் அங்கங்கே முட்டிக்கொண்டு நின்றுவிடும். நிறம் எழுத்துகளின் இடுக்கில் தேங்கி நிற்கும். வரிசை தப்பியிருக்கும், மஞ்சளே இல்லாமல் நீலம் வந்து உட்கார்ந்திருக்கும். அப்படிப்பட்ட காசுக்கு எண் கிடையாது. சீட்டில் ‘நிறம் ஐயத்துக்குரியது’ என்று எழுதித் திருப்பிவிடுவாள்.

ஒருமுறை ஒருவர் பற்பசை போட்டுத் தேய்த்த காசோடு வந்து கத்தினார். “பளபளன்னு இருக்கேம்மா! இதுக்கு எண் இல்லையா?”

“பளபளன்னுதான் சார் இருக்கு. தோலை உரிச்சா நீங்களும்தான் பளபளன்னு இருப்பீங்க.”

இந்தக் கண் அவளுக்குப் படித்து வந்ததில்லை. அடி வாங்கி வந்தது என்று அவளே சொல்வாள், சிரிக்காமல்.

பத்தொன்பது வயதில் அவளைக் கட்டிக்கொண்டவன் வெள்ளிக்கு மெருகு போடுகிறவன். வீட்டுப் பின்னறையில் மூன்று தொட்டிகள். ஒன்றில் மருந்து, இரண்டில் தண்ணீர். தட்டு, குவளை, பழைய காசு, எது வந்தாலும் கம்பியில் கோத்து மருந்தில் முக்கினால் கறுப்பு கரைந்துவிடும். முக்குவது அவள் வேலை. விரல் நுனியில் தோல் நிற்காது. முதல் முக்கில் காசு பளிச்சென்று வரும், இரண்டாவதில் கொஞ்சம் மங்கும், மூன்றாவதில் ஒளியே ஓடாமல் செத்த மீனின் கண் மாதிரி ஆகிவிடும் என்பதை அவள் அங்கேதான் கண்டுபிடித்தாள். அதை அவனிடம் சொன்ன அன்றைக்கு முதல் அறை விழுந்தது. “எனக்கே பாடம் எடுக்கிறியா?”

அப்புறம் அவனுக்குக் காரணம் தேவைப்படவில்லை. தொட்டி விளிம்பில் மோதி முன்பல் ஒன்று போனது. மெருகுக்கட்டையால் முழங்கையில் போட்ட போட்டில் இரண்டு மாதம் கை மடங்கவில்லை. ஒரு நாள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து அவள் முகத்தை மருந்துத் தொட்டிக்கு ஒரு விரற்கடை மேலே கொண்டுபோய் நிறுத்தி, “உன்னையும் வெளுப்பாக்கட்டா?” என்று கேட்டான். அவன் குரலில் கோபமே இல்லை.

கல்யாணத்தின்போது அவள் அப்பா ஒரு பெரிய வெள்ளிக்காசு கொடுத்திருந்தார், ஒரு பக்கம் ராணித்தலை போட்டது. அவன் கண்ணில் பட்டால் முக்கிக் கொன்றுவிடுவான் என்று, மாவு மூட்டைச் சாக்கில் தைத்த தன் தலையணை மூலைக்குள் அதை வைத்து, நகராமல் இருக்க மேலே ஒரு முரட்டு நூலை இழுத்துக் கட்டித் தைத்துவிட்டாள். அவன் அலமாரியைக் கவிழ்த்தான், தரைப் பலகையைப் பெயர்த்தான், அவளையும் பெயர்த்தான். ஏழு வருடம் அவள் அந்தத் தலையணையில்தான் வீங்கிய கன்னத்தை வைத்துப் படுத்தாள்.

கிளம்பிய நாள் அவன் கட்டையை ஓங்கியது அவளைப் பார்த்து இல்லை. மகளைப் பார்த்து. ஆறு வயது. குவளை ஒன்றைக் கீழே போட்டுவிட்டாள், அவ்வளவுதான். லென்ஸக்கா காசு கோக்கும் இரும்புக் கம்பியை எடுத்து அவன் மணிக்கட்டில் இறக்கினாள். காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம். குழந்தையை இடுப்பிலும் தலையணையை அக்குளிலும் இடுக்கிக்கொண்டு இறங்கியவளைப் பார்த்துத் தெருவில் சிரித்தார்கள். வீட்டை விட்டு ஓடுகிறவள் எடுத்துப் போகிற பொருளா அது?

தலையணையைப் பிரித்தபோது காசு வேறு காசாக இருந்தது. விளிம்பில் தேன் மஞ்சள், உள்ளே செம்பழுப்பு, நடுவில் ஊதா கலந்த நீலம். அதன்மேல் சாக்கு நெசவின் குட்டிக் குட்டிச் சதுரங்கள் நிழல்போலப் பதிந்திருந்தன. ராணியின் கன்னத்தில் குறுக்காக ஒரு வெளிறிய கோடு: நூல் அழுத்திய இடத்தில் மட்டும் நிறம் ஏறவில்லை.

அடுத்த வருடம் உறை மூடுகிற வேலைக்குச் சேர்ந்தவள், மேசையில் கிடந்த காசு ஒன்றைப் பார்த்து “இது முக்கினது, மூணு தரம்” என்று சொல்லப்போய் மதிப்பீட்டாளர் ஆனாள். பத்தொன்பது வருடங்கள் ஆகிவிட்டன. தன் காசுக்கு மட்டும் அவள் எண் போட்டதே இல்லை. மகள் கல்யாணத்தன்று அதை உறை எதுவும் இல்லாமல், ஒரு துண்டுத் துணியில் சுற்றி அவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

அந்த அறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. காசு யாருடையது என்று பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. முன்மேசையில் வாங்கி, பெயரை மறைத்து, எண் மட்டும் ஒட்டிய வெள்ளைத் தட்டில்தான் உள்ளே வரும். தப்பித் தவறித் தெரிந்துவிட்டால், ‘விலகுகிறேன்’ என்று சீட்டில் எழுதித் தட்டை அடுத்த மேசைக்குத் தள்ளிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இத்தனை வருடத்தில் அவள் இரண்டே தடவைதான் அப்படி எழுதியிருக்கிறாள்.

அந்த மாதத் தொடக்கத்தில் பன்னிரண்டு காசுகளோடு ஒரு தட்டு வந்தது. எல்லாமே மயில் கழுத்து நிறம். முதல் காசைச் சாய்த்ததுமே தெரிந்துவிட்டது.

“மீசை, இங்க வாங்க. ஒரு டஜன் ரொட்டி சுட்டிருக்கான்.”

மீசைக்காரர் குனிந்து மோந்து பார்த்தார். “கொஞ்சம் தீய விட்டுட்டான்.”

இருவரும் சிரித்தார்கள். பன்னிரண்டு சீட்டிலும் அவள் ‘நிறம் ஐயத்துக்குரியது’ என்று எழுதினாள், வழக்கமான சாய்ந்த எழுத்தில். பிறகு அந்தச் சிரிப்பை நினைத்து எத்தனை முறை பல்லைக் கடித்தாளோ.

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் வந்தாள். வெளியே தார் உருகுகிற வெயில். முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். தண்ணீர் குடிக்கக் கையைத் தூக்கியபோது சட்டைக்கை ஒரு சாண் கீழே இறங்கியது.

“என்னடி இது?”

“கதவு இடிச்சிருச்சும்மா.”

“எப்ப?”

“நேத்து.”

லென்ஸக்கா அந்தக் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்தாள். மெதுவாகச் சாய்த்தாள்.

“நேத்து இடிச்சது இந்த ஊதா. இந்தப் பச்சை போன வாரத்துது. மஞ்சள் அதுக்கும் முந்தி. உங்க வீட்டுக் கதவுக்கு வாரா வாரம் கோவம் வருமா?”

“அம்மா, நான் காசு இல்ல. லென்ஸைக் கீழ வை.”

அப்போதுதான் லென்ஸ் தன் கையில் இருப்பதையே அவள் கவனித்தாள். வெள்ளி மஞ்சளில் தொடங்கும். உடம்பு மஞ்சளில் முடிக்கும். அந்த வரிசையை அவள் லென்ஸ் வாங்குவதற்கு முன்பே தன் கைகளில் படித்து முடித்திருந்தாள். இப்போது மகளின் கையில் மூன்று வெவ்வேறு நாட்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஊதாவில் நான்கு விரல்களின் தடம் தனித்தனியாகத் தெரிந்தது.

மகள் அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அந்தப் பன்னெண்டு காசும் எங்களுதுதாம்மா.”

“எந்தப் பன்னெண்டு?”

“ரொட்டி அடுப்புல வெச்சாரு. ஒரு வாரம் வீடெல்லாம் கந்தக வாடை. உங்கம்மாகிட்டத் தட்டு நம்பரைச் சொல்லு, கண்ணை மூடிட்டு எண் போடச் சொல்லுன்னாரு. மாட்டேன்னுட்டேன். அது இந்த மஞ்சள்.”

“சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

“சொன்னா? எனக்காகப் பொய் எழுதுவ. இல்ல, எழுத மாட்ட. ரெண்டுல எதையும் என்னால பாக்க முடியாது.” சட்டைக்கையை மெல்ல ஏற்றினாள். “சீட்டு வந்துச்சு. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? அவருக்கும் தெரிஞ்சிருச்சு. அது பச்சை.”

லென்ஸக்கா எழுந்து போய்க் கதவைத் தாழிட்டாள். “நீ இனிமே அங்க போகல.”

“புதன்கிழமை வந்துடறேம்மா. சர்டிபிகேட் எல்லாம் பீரோவுல இருக்கு. சாவி அவர்கிட்ட. புதன்கிழமை காலையில வெளியூர் போறாரு, மாத்துச் சாவி செஞ்சு வெச்சிருக்கேன். நீ தலையணையோட வந்தியே, அந்த மாதிரி என்னால வர முடியாது.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

“அந்தக் காசு?”

“தையல் பெட்டிக்கு அடியில இருக்கு. அது இருக்கறதே அவருக்குத் தெரியாது. தெரிஞ்சாலும், என்னை அடிச்சுப் போட்டுட்டுத்தான் அதுமேல கை வெக்க முடியும்.”

விளையாட்டாகத்தான் சொன்னாள். தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் வாதாடியும் அவளைப் பிடித்து வைக்க முடியவில்லை. பிடிவாதத்தில் அவள் அம்மாவின் மகள்.

திங்கட்கிழமை ஒன்பதுக்குப் போன் ஒருதரம் அடித்து நின்றது. செவ்வாய்க்கிழமையும் அடித்து நின்றது. புதன்கிழமை அடிக்கவில்லை. இரண்டு கையிலும் பை இருக்கும், வழியில் இருப்பாள் என்று லென்ஸக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பத்து மணிக்கும் அதையே சொல்லிக்கொண்டாள். இரண்டு தடவை அழைத்தாள். எடுக்கவில்லை. பேருந்து இரைச்சலில் கேட்டிருக்காது.

பதினோரு மணிக்கு முன்மேசையிலிருந்து ஒரு தட்டு வந்தது. ஒரே ஒரு காசு. உடனே பார்த்துத் தர வேண்டும் என்று சிவப்பு முத்திரை. பெரிய வெள்ளிக்காசு, ராணித்தலை. மேலே பெட்ரோல் சிந்திய தண்ணீர் மாதிரி ஊதாவும் நீலமும் கொழகொழவென்று மினுங்கின. வேக வைத்தது. அதுவும் அரை மணி நேர அவசரத்தில். சாய்க்கக்கூடத் தேவையில்லை. பழக்க தோஷத்தில் சாய்த்தாள்.

ஒளிக்கீற்று ஓடி, முட்டி, நின்றது. நின்ற இடத்தில், அந்தப் பொய் ஊதாவுக்கு அடியில், குட்டிக் குட்டிச் சதுரங்கள் தெரிந்தன. சாக்கு நெசவு. லென்ஸை இறக்கினாள். ராணியின் கன்னத்தில் குறுக்காக ஒரு வெளிறிய கோடு.

‘விலகுகிறேன்’ என்று எழுதவேண்டிய இடம் அது. பேனா கையில்தான் இருந்தது. அவள் காசை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு நாற்காலியைத் தள்ளி எழுந்தாள். பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக, தட்டில் வந்த காசோடு கண்ணாடிக் கதவைத் திறந்து முன்னறைக்குப் போனாள்.

மருமகன் காத்திருப்போர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். சலவைச் சட்டை. தலை படிய வாரியிருந்தான்.

“அடடே, அத்தை! நீங்க வெளிய வரக் கூடாதே? சட்டம் இருக்கே?”

“அவ எங்க?”

“வீட்லதான். தூங்கறா.”

“பதினோரு மணிக்கா?”

“உடம்புக்கு முடியல அத்தை. எத்தனை போட்டீங்க? அதைச் சொல்லுங்க மொதல்ல. அறுபத்தஞ்சு தாண்டுமா?”

“ஊருக்குப் போறதா இருந்துச்சே?”

“போகல. ஏன், போவேன்னு யார் சொன்னா?” அவன் சிரிப்பு கொஞ்சம் மாறியது. “ஓ... அம்மாவும் பொண்ணும் பேசி வெச்சிருக்கீங்க. மாத்துச் சாவி யோசனை உங்களுதா?”

“இது அவ காசு.”

“அவளேதான் எடுத்துக் குடுத்தா. அழுக்காக் கிடந்துச்சு. நான்தான் அதுக்கு ஒரு மூஞ்சி குடுத்தேன்.”

“குடுத்திருக்க மாட்டா.”

அவன் எழுந்து கையை நீட்டினான். காசைக் கேட்டு நீட்டிய வலது கை. விரல் முட்டிகளில் தோல் வழன்றிருந்தது. இரண்டு இடத்தில் பிளந்து, ரத்தம் காய்ந்தும் காயாமலும் இருந்தது. லென்ஸக்காவுக்கு லென்ஸ் வேண்டியிருக்கவில்லை. சுற்றிலும் சிவப்பு. அது இன்னும் நீலம்கூட ஆகவில்லை. அதற்கு மூன்று மணி நேரத்துக்குமேல் வயது இருக்காது.

அவள் திரும்பி விறுவிறுவென்று உள்ளே போனாள். காசைப் பூட்டி வைக்க வேண்டும், போனை எடுக்க வேண்டும். அந்த இரண்டைத் தவிர மண்டையில் ஒன்றுமில்லை. மேசையின் இரும்பு இழுப்பறையைத் திறந்து கையை உள்ளே விட்டபோது பின்னால் கதவு சுவரில் மோதும் சத்தம் கேட்டது. அவன் காலால் இழுப்பறையை உதைத்துச் சாத்தினான்.

வலி உடனே வரவில்லை. சத்தம்தான் வந்தது. காய்ந்த குச்சி. அவளுக்குத் தெரிந்த சத்தம்.

“எடு கையை. காசைக் குடு.”

கை வரவில்லை. வருகிற நிலையில் இல்லை. அவன் இன்னொரு முறை உதைத்தான். அவள் இடது கையில் அகப்பட்டது மேசை விளக்கு. அடியில் கெட்டி இரும்புத் தட்டு உள்ள விளக்கு. அதைத் தூக்கி அவன் வாயில் அடித்தாள். பல்ப் உடைந்து சிதறியது. அவன் ‘ஆ’ என்று வாயைப் பொத்திய கைகளுக்கு இடையிலிருந்து ரத்தம் சீட்டுக் கட்டின்மேல் ஒழுகியது. அவள் மறுபடியும் அடித்தாள், காதோரம். மூன்றாவதாக ஓங்குவதற்குள் மீசைக்காரர் நாற்காலியோடு வந்து அவன் முதுகில் போட்டார்.

“கிழவி... உனக்கும் அவளுக்கும்...” என்று ஏதோ சொல்ல வந்தவன் முடிக்காமல் தட்டுகளை உதறிச் சிதறடித்துக்கொண்டு ஓடினான். படிக்கட்டில் அவன் விழுந்து எழுந்து ஓடும் சத்தம் கேட்டது. தரையெங்கும் காசுகள் உருண்டன.

மீசைக்காரர் இழுப்பறையை நெம்பித் திறந்தார். மூன்று விரல்கள் இருக்கவேண்டிய திசையில் இல்லை. உள்ளங்கை மட்டும் மூடியபடியே இருந்தது.

“அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போவோம். விரலு...”

“போன் எங்க?”

“அக்கா, ரத்தம்...”

“போனை எடுங்க மீசை!”

இடது கட்டைவிரலால் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி. மீசைக்காரர் தன் போனில் போலீஸைக் கூப்பிட்டு முகவரி சொன்னார். அவர்கள் முதலில் பெயரைக் கேட்டார்கள், அப்புறம் உறவு முறையைக் கேட்டார்கள், அப்புறம் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். அவர் வாழ்க்கையில் முதல்முறையாக யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டினார்.

டாக்சியில் அவள் வலது கையைத் தன் சால்வையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள், குழந்தையைப்போல. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார். ஏழு முறை அழைத்தாள். சிவப்பு விளக்கு ஒன்றில் நின்றபோது மீசைக்காரர், “தூங்கறாளோ என்னவோக்கா” என்றார். சொன்ன பிறகுதான் அது அவன் சொன்ன சொல் என்று அவருக்கே உறைத்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாம் மாடி. லிப்ட் மேலே எங்கோ நின்றிருந்தது. படியேறினார்கள். கதவில் வெளிப்பூட்டு தொங்கியது. உள்ளே ஆளை வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். கதவிடுக்கில் கந்தக வாடை இன்னும் இருந்தது.

“தங்கம்! அம்மாடி! நான்தான்டி!”

எதிர்வீட்டுக் கதவு ஒரு விரற்கடை திறந்து, ஒரு பெண்ணின் பாதி முகம் தெரிந்தது. “காலையில எட்டு மணிக்கு ஒரே சத்தம்” என்றாள். “அப்புறம் சத்தமே இல்ல.”

“கடப்பாரை இருக்காம்மா? சுத்தியல்? எதையாவது குடும்மா!” என்றார் மீசைக்காரர். அந்தப் பாதி முகம் உள்ளே ஓடியது. அவர் காத்திருக்கவில்லை. தோளைக் கொடுத்துக் கதவில் மோதினார். கதவு அதிர்ந்தது, திறக்கவில்லை.

லென்ஸக்கா நெற்றியைக் கதவில் வைத்தாள். இடது கையால் மறுபடி எண்ணை அழுத்தினாள். அவள் காதில் ஒரு மணி, கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு மணி. படுக்கையறைப் பக்கமிருந்து, தரையில் கிடந்து அதிர்கிறாற்போல, உர்ர்ரென்ற உரசலோடு அது வந்தது. உடைந்த விரல்களுக்குள் காசின் விளிம்பு வெட்டிக்கொண்டிருந்தது. அவள் பிடியைத் தளர்த்தவில்லை.

மணி நின்றது. மீசைக்காரர் பின்னால் போய், ஓடி வந்து, மறுபடி மோதினார்.

அவள் மறுபடி அழுத்தினாள். உள்ளே அடிக்கத் தொடங்கியது.